நாற்பது கிலோவுக்குக் கீழே

மாலை ஐந்து மணிக்கு மேல்தான் என்னிடம் நாய்கள் வரும். அதுவரைக்கும் மாடுகள். விடிந்ததும் வண்டியை எடுத்தால் மொரப்பூர்ப் பக்கம் இரண்டு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒன்று என்று சினை ஊசி, மடிநோய், தலை திரும்பாத கன்று எல்லாம் பார்த்துவிட்டு, தோள் வரை கையைக் கழுவிக்கொண்டு அரூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்து சேர்வேன். மாட்டுக்காரர்களிடம் பேசுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. மாடு இளைத்துவிட்டது, பால் குறைந்துவிட்டது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாய்க்காரர்களிடம் நான்தான் பேச்சை எடுக்க வேண்டும். உங்கள் நாய்க்கு எடை கூடிவிட்டது, சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களை ஒரு நாளைக்கு இரண்டு பேரிடமாவது சொல்கிறேன். மாட்டுக்குள் கை விட்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இதில் அதிகமாகக் களைத்துப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில் நாய் குண்டாக இருப்பதை யாரும் நோய் என்று எடுத்துக்கொள்வதில்லை. சொன்னதும் முதலில் சிரிப்பார்கள். முகத்தில் ஒரு பெருமை வரும். எங்க வூட்ல சோத்துக்கு என்னங்க கொறை என்பார் ஒருவர். அது கேக்கற கேள்விக்கு நம்மால சாப்பிட முடியுங்களா, கண்ணாலயே கேக்குது என்பார் இன்னொருவர். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால், அவர்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பிவிட்டது மாதிரி பார்ப்பார்கள். ஒரு முறை பொமரேனியன் வைத்திருந்த ஓர் அம்மாவிடம், நன்றாகக் கொழுத்திருக்கிறதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் அதற்கு வயிற்றுப்போக்கு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்து, உங்க கண்ணே பட்டுடுச்சுங்க டாக்டர் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

அதிலிருந்து கொழுப்பு, குண்டு என்ற சொற்களை விட்டுவிட்டேன். இப்போது கையைக் காட்டுகிறேன். விரல்களை மடக்கி முட்டியாக்கி, மேலே இருக்கும் கணுக்களை இன்னொரு கையால் தடவிப் பார்க்கச் சொல்வேன். நாயின் விலா இப்படித் தட்டுப்பட்டால் பட்டினி. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு தெரியும், மேலே மெத்தென்று கொஞ்சம் இருக்கும்; அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுங்கள், அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறதா, இப்போது உங்கள் நாயைத் தடவுங்கள் என்பேன். தடவுவார்கள். பிறகு, பிஸ்கட் மட்டும் போடலாங்களா என்று கேட்பார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று எனக்குள்ளேயே ஒரு கூச்சம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஆடு மேய்த்தும் கரும்பு வெட்டியும் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் நாய் இருந்தது. அதற்கென்று ஒரு நாளும் சோறு வைத்ததாக நினைவில்லை. களிச் சட்டியைக் கழுவி ஊற்றும் தண்ணீருக்கு அது வாசலில் காத்திருக்கும். அதன் விலாவைத் தடவிப் பார்க்க வேண்டியதே இல்லை, தூரத்திலிருந்தே எண்ணலாம். ஒரு நாள் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பா விவரமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நாய்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அஞ்சு வருசத்துக்கு மேல படிச்சது, நாய்க்குச் சோறு போடாதீங்கன்னு சொல்றதுக்கா?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்தக் கருப்பு லேப்ரடார் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம்; சனிக்கிழமைகளில் மட்டும் மதியமே கிளினிக்கைத் திறந்துவிடுவேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரும் அவர் மனைவியும் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் நொண்டியது. இரண்டடி வைத்தால் உட்கார்ந்து இரைத்தது. முட்டிக்குள் எலும்பையும் எலும்பையும் பிடித்து வைக்கும் நார் அறுந்திருந்தது. சேலத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்யும் சீனியர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். இந்த எடையில் மயக்க மருந்து கொடுக்க யோசனையாக இருக்கிறது, செய்தாலும் கால் தாங்காது, நாற்பது கிலோவுக்குக் கீழே இறக்கிக்கொண்டு வா என்றார். ரொம்ப நாள் இழுக்காதே, பாரமெல்லாம் அடுத்த காலில் விழுகிறது, அதுவும் போனால் நாய் எழுந்திருக்காது என்றும் சொன்னார். அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா நாயின் காதை நீவி விட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு என் அம்மாவும் அங்கே இருந்தார். சனிக்கிழமைகளில் ஊரிலிருந்து பஸ் ஏறி எனக்குக் குழம்பும் களியும் கொண்டுவருவது அம்மாவின் வழக்கம். பெஞ்சில் உட்கார்ந்து அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவர்கள் போன பிறகு, "ஒரு வெள்ள முடிகூட இல்லியே சாமி. எந்த வூட்டு நாயி அது?" என்று கேட்டார். சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெரு, பச்சை கேட் போட்ட வீடு என்று எழுதிக்கொண்டே சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் இருந்த தராசு சின்ன நாய்களுக்கானது. அதனால் லேப்ரடாரைப் புளி மண்டிக்குக் கூட்டிப் போனோம். மூட்டை நிறுத்தும் பெரிய எலக்ட்ரானிக் தராசு அங்கே உண்டு. மண்டியில் புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர், கொட்டை எடுத்ததா எடுக்காததா சார் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தேழு கிலோ.

கண்டக்டரைப் போல ஒரு நோயாளி வீட்டுக்காரர் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் பஸ்ஸில் ஆள் எண்ணியவர். நாய்க்குக் காலையில் எலுமிச்சம்பழம் அளவு கேழ்வரகுக் களி, வேகவைத்த சுரைக்காய், ஒரு முட்டை. சாயங்காலம் தோலுரித்த கோழிக்கறி, பீன்ஸ். நான் சொன்ன அளவுக்கு ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்து, அதில் பெயின்ட்டால் கோடு போட்டார். வேறு யாரும் போடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் நாயின் பின்னாலேயே மெல்ல நடந்தார்.

முதல் மாதம் தராசில் ஏற்றியபோது நாற்பத்தாறு காட்டியது. சந்தோஷப்பட்டோம். இரண்டாவது மாதம் நாற்பத்தாறரை. தராசில் பிழை இருக்கும் என்றேன். மூன்றாவது மாதம் மறுபடி நாற்பத்தேழு. நாய் இப்போது இன்னொரு பின்னங்காலையும் பார்த்துப் பார்த்து வைத்தது. மண்டியில் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். கண்டக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கணக்கு இடிக்குது சார். வண்டியில யாரோ டிக்கெட் எடுக்காம வர்றாங்க" என்றார்.

தைராய்டு பார்க்க ரத்தம் எடுத்தேன். அதில் குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது; அதைக் கேட்க இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து நான்கு ஊர் சுற்றியிருந்தேன், மதியம் சாப்பிடவில்லை. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கண்டக்டரின் மனைவியைப் பார்த்து, அவர் கணவர் முன்னாலேயே, "நீங்க பாசத்துல போடறீங்கம்மா. அந்தப் பாசம்தான் இதைக் கொல்லுது" என்று சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "நான் போடலீங்க தம்பி," என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்பவர்கள் நிறையப் பேசுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் கண்டக்டர் சமையலறையில் இருந்த சோற்றுக் குண்டானைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாராம். பத்து நாள் மனைவியிடம் பேசவில்லையாம். பின்னால் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அம்மா வழக்கம்போல் வந்து சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் போயிட்டு அப்படியே பஸ் ஏறிக்கிறேன் சாமி என்று கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் சந்தைப் பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று அழைப்பு வந்தது. நான் போவதற்குள் கன்று தானாகவே விழுந்துவிட்டது. சும்மா திரும்பியவன், பச்சை கேட் வீடு பக்கத்தில்தானே, நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தத் தெருவில் திரும்பினேன்.

கேட் திறந்திருந்தது. வாசலில் ஐந்தாறு பெண்கள். கையில் வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் கிண்ணம். நல்லெண்ணெய் ஊற்றிய தயிர்சாதம். ஒருத்தரிடம் உளுந்து வடை. நடுவில் லேப்ரடார் உட்கார்ந்து, இலை இலையாக வழித்துக்கொண்டிருந்தது. முடித்ததும் அடுத்த ஆள் குனிந்து வைப்பார், பின்னால் தள்ளி நின்று கையெடுத்துக் கும்பிடுவார். நான் வண்டியை நிறுத்திய நேரத்தில் குனிந்துகொண்டிருந்தவரின் கையில் இருந்த தூக்குச் சட்டியை எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதன் மேல் அடுக்கில் இருந்த களியைத்தான் சாப்பிட்டிருந்தேன்.

கருப்பு நாய் பைரவர் வாகனம், சனிக்கிழமை அதற்குத் தயிர்சாதம் வைத்தால் சனி விலகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பரிகாரம். எனக்கும் தெரியும். கால்நடை மருத்துவம் படித்தவன், கேழ்வரகையும் சுரைக்காயையும் கணக்குப் பார்த்து எழுதித் தந்தவன், முழுக் கருப்பாக ஒரு நாயைப் பார்த்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா நிமிர்ந்தார். பயப்படவில்லை, திருட்டுத்தனமாகவும் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்யும்போது மகன் வந்துவிட்டான் என்கிற மாதிரிதான் பார்த்தார். உனக்குக் கவர்மெண்டு வேலை தள்ளித் தள்ளிப் போகிறதே என்று ஜோசியரிடம் போனாராம். மாசு மறு இல்லாத கருப்பு நாய்க்கு நாற்பத்தெட்டு சனிக்கிழமை என்று அவர் சொன்னாராம். ஊரில் இருக்கிற நாய்களில் ஒன்றுக்கு நெஞ்சில் வெள்ளை, ஒன்றுக்குப் பாதத்தில் வெள்ளை. ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவருக்கு இதை என் கிளினிக்கில்தான் பார்க்கக் கிடைத்தது. முகவரியையும் நானே சொல்லியிருக்கிறேன்.

அது நொண்டுவது தெரியவில்லையா என்று கேட்டேன். தெரிகிறது, அதற்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தத் தெம்பில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். புறங்கை, உள்ளங்கை என்று எல்லோரிடமும் சொல்கிற பாடத்தை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மொரப்பூர்ச் சந்தையில் ஆடு வாங்கும்போது அம்மா பிடித்துப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. இடுப்புக்கு மேலே, முதுகுத் தண்டுக்கு இருபுறமும். கட்டை விரலால் ஓர் அழுத்து. கறி எவ்வளவு என்று சொல்லிவிடுவார், தப்பாது. "ஆட்டைப் புடிச்சுப் பாக்கற மாதிரி இதைப் புடிச்சுப் பாரும்மா" என்றேன்.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். தண்டின் இருபுறமும் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் பின்னால் போய் அழுத்தினார். நொண்டும் தொடையைப் பிடித்தார், பிறகு மற்றத் தொடையை. நாய் வாலை ஆட்டியது.

"கறியே இல்ல சாமி," என்றார். "எல்லாம் கொழுப்பு. தொடயில ஒண்ணுமே இல்ல. இது எப்படி நிக்குது?"

நிற்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறது என்றேன். இன்னொரு காலும் போனால் என்ன ஆகும் என்று சேலம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா தூக்குச் சட்டியை மூடினார். கொஞ்ச நேரம் அந்த மூடியையே திருகிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போனேன். கண்டக்டர் இல்லை, சனிக்கிழமைகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் மாந்தோப்புக்குப் போய்விடுவார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வெளியே நிற்பவர்களில் ஒருவர் என் அம்மா என்று சொல்ல வேண்டியிருந்தது, அதற்கு வார்த்தை தேடினேன்.

"தெரியும் தம்பி," என்றார். "மொத வாரமே சொன்னாங்க, டாக்டரோட அம்மாங்கன்னு. நீங்க வேணாம்னு சொன்னதுமே தெருவுல எல்லாரையும் நிறுத்திட்டேன். உங்க அம்மாவ மட்டும் என்னான்னு சொல்லி நிறுத்தறது? அத்தப் பாத்துட்டு மத்தவங்களும் வந்துட்டாங்க. டாக்டரு அம்மாவே வெக்கறாங்க, எங்க சோத்துல என்ன வெசமா கலந்திருக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அன்றைக்கு அவர் கணவர் முன்னால் அப்படிப் பேசினேனே, அப்போதாவது.

"அவங்க உங்களுக்காக அவ்ளோ தூரத்துலருந்து பஸ் ஏறி வந்து, வெய்யில்ல நின்னு வேண்டிக்கிறாங்க. அதப் போயி உங்ககிட்டயே எப்படிங்க சொல்றது? அதுவும் அவரு முன்னாடி." பிறகு, "காபி போடட்டுங்களா?" என்றார்.

காபி குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் எதையும் குறைத்துக் கொடுக்க வராது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது பெண்கள் போகாமல் நின்றிருந்தார்கள். அம்மா அவர்களிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வேண்டுதலைப் பாதியில் விட முடியாது, விட்டால் தோஷம் கூடும் என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். நான் விடச் சொல்லவில்லை. எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னாரா என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, அளவு சொல்லவில்லை என்றார். பக்கத்தில் இருந்த பெண், என்கிட்டயும் சொல்லலீங்க என்றார். அடுத்த வாரத்திலிருந்து கோலிக்குண்டு அளவு ஓர் உருண்டை என்று அம்மாவே முடிவு செய்தார். வடை கிடையாது, எண்ணெய் கிடையாது. டாக்டரின் அம்மாவே அவ்வளவுதான் வைக்கிறார் என்றால் மற்றவர்கள் இலை நிறைய வைக்க முடியுமா. என்னுடைய பேச்சால் மூன்று மாதம் நடக்காதது அந்த வாசலில் நடந்தது. எனக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது.

கண்டக்டரிடம் நானே சொன்னேன். அடுத்த எடைக்கு மண்டிக்குப் போயிருந்தபோது, தராசுக்குப் பக்கத்தில் வைத்தே. உங்கள் வீட்டு அம்மா மீது தப்பில்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், போட்டவர்களில் என் அம்மாவும் ஒருவர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி பூரா தேடிட்டு இருந்தேன் சார்," என்றார். "டிக்கெட் எடுக்காத ஆளு டிரைவர் வூட்டு ஆளுங்களா?"

மூட்டை தூக்குபவர் சத்தமாகச் சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார், நான்கு மாதத்தில் முதல் முறையாக. சோற்றுக் குண்டான் சமையலறைக்குத் திரும்பிவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்த மாதம் நாற்பத்தைந்தரை. அடுத்த மாதம் நாற்பத்து நான்குக்குக் கீழே. அதற்கு அடுத்த மாதம் ஓர் இழுபறி, மாரியம்மன் பண்டிகையில் யாரோ கறிக்குழம்பு ஊற்றிவிட்டார்கள். பிறகு நாற்பத்திரண்டு. போன வாரம் நாற்பதே முக்கால். இன்னொரு கால் இதுவரை தாங்குகிறது. சேலம் சீனியர் தேதி கொடுக்கவில்லை. நாற்பது என்றால் நாற்பதுதான் என்கிறார். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது நாய்க்காரர்களிடம் என்ன போடுகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. யார் யார் போடுகிறார்கள் என்று கேட்கிறேன். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். பால்காரர், மாடி வீட்டுக்காரர், டியூஷன் வரும் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிறவர்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அதற்குப் பிறகும் அதே இரண்டு வாக்கியங்கள்தான். களைப்பு ஒன்றும் குறையவில்லை.

அம்மாவுக்கு இன்னும் ஒன்பது சனிக்கிழமைகள் பாக்கி. என் வேலைக்கான பட்டியல் வரவில்லை. வெயில் அதிகமாகிவிட்டதால் சில வாரங்களில் அவர் கிளினிக்குக்கு வராமல் பச்சை கேட் வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார். சாப்பாட்டை அங்கே கொடுத்துவிட்டால், கண்டக்டர் தோப்பிலிருந்து திரும்பியதும் சாயங்காலம் கொண்டுவந்து தருவார். நாயின் முதுகை அழுத்திப் பார்க்காமல் அம்மா உருண்டையைக் கீழே வைப்பதில்லையாம். மாதம் ஒரு முறை மண்டியில் எடை பார்க்கும் நாளை நினைவில் வைத்துக்கொண்டு சாயங்காலம் போன் செய்வார். முன்பெல்லாம் எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பவர், இப்போது, "எத்தன காட்டுச்சு சாமி?" என்கிறார். இன்னும் முக்கால் கிலோ இருக்கிறது என்று போன வாரம் சொன்னேன். வரும் சனிக்கிழமை உருண்டையில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.